அது வெட்டாது, அண்ணே

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. நம் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸப் குழுவில் சுற்றிய அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கீழ்த்தளத்தில் தூண் பக்கத்தில் அரிவாளோடு நிற்கும் நீலச் சட்டைக்காரன் நான்தான். அந்த அரிவாள் ஃபோம். சின்னப் பிள்ளைகள் விழுந்தால் அடிபடக்கூடாதென்று தரையில் பாய் விரிக்கிறோமே, அதே ஈவிஏ ஃபோம். எடை 200 கிராம்கூட இல்லை. அது வெட்டாது. வாழைப்பழத்தைக்கூட வெட்டாது.

நாடகத்தில் கருப்பசாமியாக வரும் தம்பிக்குப் பிடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் கீழே எடுத்துப் போனேன். உறையிலிருந்து வெளியே எடுத்து இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குள் யாரோ படம் எடுத்து, ‘பாராங்கத்தியோடு ஓர் ஆள் நிற்கிறான்’ என்று போட்டாயிற்று. பாராங் என்றால் மலாய்க்காரர்களின் நீள வெட்டுக்கத்தி. இரவு எட்டரைக்கு இரண்டு காவல்துறை அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். ஒருவர் அரிவாளை வாங்கி நுனியை வளைத்துப் பார்த்தார். வளைந்தது. நான் செய்த நகல் கத்திகளை வைத்திருக்கும் அலமாரியைக் காட்டச் சொன்னார், காட்டினேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தகவல் போனால் அவர்கள் வரத்தான் வேண்டும்.

என் வருத்தமெல்லாம் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு தமிழர் எழுதிய வரி. ‘இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம பேரு கெடுது.’ அண்ணே, நீங்கள் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். அந்த அலமாரிக்கு முன்னால் நின்று உங்கள் மகன் படம் எடுத்துக்கொண்டான். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. ‘தம்பி, அது என்ன?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாக சினிமாவில் வரும் கத்திகளின் நகல்களைச் செய்கிறேன், சேர்க்கிறேன். முதலில் அட்டையில் வடிவம் வரைந்து வெட்ட வேண்டும். 10 மில்லிமீட்டர் ஃபோமில் இரண்டு பக்கமும் அறுத்து, நடுவே பிவிசி குழாய் வைத்து, காண்டாக்ட் பசை தடவி, பசை கொஞ்சம் காய்ந்து விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் பிய்ந்துவிடும். ஓரத்தை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்க்க வேண்டும். அப்புறம் ஹீட் கன்னால் சூடு காட்டினால் ஃபோமின் துளைகள் மூடிக்கொள்ளும். மரப்பசை ஐந்தாறு பூச்சு, வெள்ளிச் சாயம், அதன்மேல் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி உடனே துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு நிற்கும். கடைசியில் கிராஃபைட் பொடியை விரலால் தேய்க்கும்போது, ஃபோம் இரும்பாகத் தெரியத் தொடங்கும். அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடும். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் மழை நாளில் வார்னிஷ் அடித்தால் பால் ஊற்றியது போல வெளுத்துப் போகும். அதற்காகவே பல சனிக்கிழமைகளில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் ராம்போ கத்தியின் நகல் இருக்கிறது. அசலை 1982இல் வந்த முதல் ராம்போ படத்துக்காக அமெரிக்காவின் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஜிம்மி லைல் செய்தார். 9 அங்குல அலகு, முதுகில் ரம்பப் பல், உள்ளே குழலாக ஒரு பிடி, அதன் மூடியில் திசைகாட்டி. என் நகல் ரெசின் வார்ப்பு. சிலிகான் அச்சுக்குள் அலுமினியப் பொடி தூவி வார்த்து, ஸ்டீல் உல்லால் தேய்த்து மினுக்கியது. 1978இல் வந்த ஒரு ஜாம்பி படத்துக்கு ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி செய்ததுதான் எனக்குப் பாடம். வெட்டுக்கத்தியின் அலகில், தலையின் வளைவுக்குப் பொருந்தும்படி ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார். அதை நடிகரின் தலையில் பொருத்தினால் மண்டைக்குள் இறங்கியது போலத் தெரியும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கலையே வெட்டாத கத்தியைச் செய்வதுதான், அண்ணே. வெட்டினால் நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம்.

‘மக்கள் பயப்படுவது நியாயம்தானே?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2010இல் காலாங் வட்டாரத்தில் பாராங்கத்தியால் நடந்த தாக்குதல்களையும், அதே ஆண்டு டவுன்டவுன் ஈஸ்ட் கேளிக்கை வளாகத்தில் ஒரு பையன் வெட்டுப்பட்டு இறந்ததையும் நானும் மறக்கவில்லை. பொது இடத்தில் உறையிலிருந்து எடுத்தது என் தவறு, இனி எடுக்க மாட்டேன். சரி, அதோடு அது முடிந்தது.

‘சட்டம் தெரியுமா?’ என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தெரியும். 2021இல் நிறைவேறிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2025 ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்ததும் தெரியும். தகுந்த காரணமில்லாமல் ஆயுதத்தோடு வெளியே திரிந்தால் சிறையும் பிரம்படியும் உண்டென்பதும் தெரியும். அதனால்தான் இத்தனை வருடத்தில் ஓர் உலோக அலகைக்கூட வாங்கியதில்லை. உங்களைவிட எனக்குத்தான் அந்த பயம் அதிகம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இதே புளோக்கில் எட்டாம் மாடியில் ஒரு சீன இளைஞர் அனிமே என்கிற ஜப்பானிய கார்ட்டூன்களில் வரும் வாள்களைச் செய்கிறார். நல்ல பையன், என்னிடம்தான் ஃபோம் அறுக்கக் கற்றுக்கொண்டார். என் அரிவாளைவிட இரண்டு மடங்கு நீளம். அந்தப் பாத்திரங்களைப் போல வேடம் போடும் காஸ்பிளே உடையோடு மின்தூக்கியில் அதைத் தூக்கிக்கொண்டு போவார். பார்க்கிறவர்கள் சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்துக்கு நீங்களே இதயம் போட்டிருக்கிறீர்கள், அண்ணே. ஜப்பான்காரன் வாள் என்றால் கலை, நம் அரிவாள் என்றால் ரவுடித்தனமா? மற்றவர்கள் அப்படி நினைத்தால் விளக்கிச் சொல்வேன். நம் ஆளே அப்படி நினைத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

என் தாத்தா திருப்பாச்சேத்தி பக்கம். அரிவாளுக்குப் பேர்போன ஊர். இங்கே ‘நீ சூன்’ வட்டாரத்துக் கம்பத்து (கிராமத்து) வீட்டில் அவர் ஓர் அரிவாள் வைத்திருந்தார். தேங்காய் வெட்ட, வாழை சாய்க்க, ஆடிக்குப் படையலில் வைக்க. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது, அக்கம்பக்கத்தார் பயப்படுவார்கள் என்று பாட்டி அதைக் கோயிலில் கொடுத்துவிட்டாராம். நான் அதைப் பார்த்ததே இல்லை. அப்பா உடம்புக்கு முடியாமல் கிடந்த கடைசி மாதத்தில், நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அதை வரைந்து காட்டினார். மூக்கு எவ்வளவு வளையும், பிடியில் எத்தனை வளையம் என்று கை நடுங்க நடுங்க வரைந்தார். அந்தத் தாளை வைத்துத்தான் இதைச் செய்தேன். எந்தப் படத்திலும் வராத ஒன்று அலமாரியில் இது மட்டும்தான். குழுவில் பாராங்கத்தி என்று சொன்னது இதைத்தான்.

நேற்று நாடகக் குழுவிலிருந்து போன் வந்தது. பிரச்சினை வேண்டாம், கருப்பசாமி கையில் ஒரு கம்பு கொடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். கருப்பசாமிக்குக் கம்பு! நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அந்தப் படத்தை குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், பார்த்தேன். உங்கள் வரி மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது, அண்ணே.