சட்டம் சின்னக் கடைக்கும் சேர்த்துத்தான்
இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி அமைப்பது பெரிய நிறுவனங்களின் வேலை மட்டும்தான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது சரியில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆவது பிரிவு அரசு, தனியார் என்று பார்க்காமல் சேவை தருகிற எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

காரைக்குடியில் பார்வையில்லாத என் பெரியப்பா, திரையை வாசித்துக் காட்டும் செயலியை வைத்துத்தான் போனில் எல்லாம் வாங்குவார். இங்குள்ள ஒரு கண்டாங்கிச் சேலைக் கடையின் தளத்தில் அது 'படம், படம்' என்று மட்டும்தான் படிக்கிறது. நிறம், கரை, விலை எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. பெரியம்மாவுக்கு எடுக்க நினைத்தவர் விட்டுவிட்டார். 'அரக்குச் சிவப்பு, மஞ்சள் கட்டம்' என்று செயலி வாசிக்கிற மாதிரி படத்தோடு ஒரு வரி சேர்க்க என்ன பெரிய செலவு? தளம் செய்து தருபவரிடம் பணம் கொடுக்கும் முன்பே கடைக்காரர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.