துறைமுகத்தில் போட்ட வரி எங்கள் லொறியில்தான் ஏறி வருகிறது

மூன்று நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். சமூக வலைத்தளத்தில் சுற்றுகிற அந்த லொறி வாடகை பில் படத்தைப் பார்க்காதவர்கள் இனி ஊரில் இருக்க மாட்டார்கள். கல்முனையிலிருந்து கொழும்புக்கு 78,000 ரூபாய், மேலே சிவப்பு எழுத்தில் 'பகல் கொள்ளை'. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். நாங்களும் லொறி ஓட்டிப் பிழைக்கிறவர்கள்தான். அந்த பில் எங்களுடையது அல்ல. ஆனால் அதே ஹயருக்கு என்னைக் கேட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே காசுதான் சொல்லியிருப்பேன்.

திட்டுவது பழகிப்போன விஷயம், விட்டுவிடலாம். "இறக்குமதி வரி கார் வாங்குகிற பணக்காரனுக்கு. லொறி வாடகைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சாட்டுச் சொல்லாதீர்கள்" என்று ஒருவர் கீழே எழுதியதையும், அதற்கு விழுந்த லைக்குகளையும் பார்த்த பிறகுதான் தூக்கம் வரவில்லை.

சம்பந்தம் இருக்கிறது ஐயா. லொறியை ஓட வைக்கிற முக்கியப் பொருள்களில் எது இந்த நாட்டில் விளைகிறது? எஞ்சின், கியர் பொக்ஸ், பெயரிங், ஊற்றுகிற டீசல், எல்லாம் கப்பலில் வந்தவை. சுங்கத்தில் அவற்றின் மேல் வைக்கிற ஒவ்வொரு ரூபாயும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள பார்ட்ஸ் கடைக்கு வந்து, அங்கிருந்து என் பில்லுக்கு வந்து, கடைசியில் அரிசி மூட்டையின் மேல் உட்காருகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் சரக்கு வாகனங்களுக்கு வழி திறந்தது. திறந்தபோது சுங்க வரியின் மேல் 50% மேல்வரி, பிறகு அத்தனையும் சேர்ந்த தொகையின் மேல் 18% வற் வரி. வரிக்கு மேல் வரி. அப்பா 2018இல் 32 லட்சத்துக்கு எடுத்த பதினாலரை அடி லொறிக்கு 2023இல் ஒருவர் 65 லட்சம் தருகிறேன் என்று வீடு தேடி வந்தார். "விற்று லாபம் பார்த்திருக்கலாமே" என்பீர்கள். விற்றுவிட்டு அடுத்த நாள் எதை ஓட்டுவது? அதே வயசு லொறியை வாங்க அதே 65 லட்சம் வேண்டும். எங்களுக்கு விலை ஏறியது கடதாசியில் மட்டும்தான்.

பார்ட்ஸ் கதையை ஒருமுறை சொல்லியாக வேண்டும். 2021 கடைசி. டொலர் இல்லை, இறக்குமதிக் கட்டுப்பாடு, கடையில் புது வீல் பெயரிங் இல்லை. பழைய லொறியில் கழற்றிய ஒன்றைப் புதுசின் விலைக்கு மேலே கொடுத்து வாங்கிப் போட்டோம். இரண்டு மாதம் தாங்கவில்லை. சம்மாந்துறையில் அரிசி ஏற்றிக்கொண்டு போகும்போது, புணானை தாண்டி, இரவு ஒன்றரை மணி, பின் சில்லில் கருகல் வாசம். அப்பா இறங்கிப் போய் சில்லின் நடுவில் உள்ள ஹப்பில் புறங்கையை வைத்தார், வைத்த வேகத்தில் இழுத்தார். தோல் வெந்துவிட்டது. கிறீஸ் உருகிக் கறுப்புப் பாணி மாதிரி டயரில் வழிந்துகொண்டிருந்தது. அது யானை கடக்கிற இடம். கிளீனர் பொடியன் டோர்ச்சைக் காட்டை நோக்கிப் பிடித்தபடி நின்றான், அவன் கை நடுங்குவது வெளிச்சத்தில் தெரிந்தது. தூறல் வேறு. படங்கை இழுத்துக் கட்டிவிட்டு விடியும்வரை இருந்தோம். காலையில் வெலிக்கந்தையிலிருந்து வேறு லொறி பிடித்து மூட்டைகளை மாற்றினோம். அந்த லொறிக்கு நாங்கள் வாடகை கொடுத்தோம். ஆம், எங்கள் காசில்.

அன்றைக்கு யாரும் எங்கள் பில்லைப் படம் எடுக்கவில்லை.

சரி, 78,000க்கு வருவோம். போய்வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர். டீசல் மட்டும் 33,000க்குக் குறையாது. சாரதிக்கும் கிளீனருக்கும் 12,000. ஏற்ற இறக்க நாட்டாமைக் கூலி, லீசிங், டயர் தேய்மானம். 2019இல் ஆறு டயரும் மாற்றிய காசுக்கு 2022இல் இரண்டுதான் வந்தது. எல்லாம் கழித்துப் பார்த்தால் மிச்சம் எங்கே இருக்கிறதென்றால், திரும்பி வரும்போது கிடைக்கிற லோடில்தான். வெறும் லொறி திரும்பினால் அந்தப் பயணம் நட்டம். அந்த ரிட்டேர்ன் லோடையும் இந்த வரிதான் தீர்மானிக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் ஒரே வர்த்தமானியில் இறக்குமதி உருளைக்கிழங்குக்குக் கிலோ 80, பெரிய வெங்காயத்துக்கு 50 ரூபாய் வரி ஆனது. அந்த நேரம் நான் கொழும்புப் புறக்கோட்டை மொத்தச் சந்தையில். புது விலை படியும்வரை வியாபாரி பில் போட மாட்டேன் என்றார். இரண்டு நாள் லொறிக்குள் படுத்துவிட்டு அரை லோடு பிஸ்கட்டோடு ஊருக்கு வந்தேன்.

"அப்படியென்றால் வரியே வேண்டாமா? 2024 டிசம்பரில் அரிசியை இறக்குமதி செய்ய விட்டபோது கிலோவுக்கு 65 ரூபாய் வரி போட்டார்களே, அதுவும் பிழையா?" என்று கேட்கப் போகிறீர்கள். பிழை இல்லை. என் அம்மப்பா வெல்லாவெளியில் வயல் செய்தவர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள அந்தப் படுவான்கரை நெல்லுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. நெல் இங்கே விளைகிறது, அதனால் வரி அதைக் காப்பாற்றுகிறது. லொறி பெயரிங் எந்தக் கண்டத்தில் விளைகிறது? அதன் மேல் வரி போட்டு யாரைக் காப்பாற்றுகிறோம்? எனக்கு வசதியாகப் பேசுகிறேன் என்று நினைத்தால் நினையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து தொன் ஏற்றினால் 78,000 என்பது கிலோவுக்கு 15, 16 ரூபாய். அதை மரந்தகஹமுலை அரிசிச் சந்தை வியாபாரி தன் கையிலிருந்து தருவதில்லை, இங்கே களத்தில் விலை பேசும்போதே கழித்துவிடுகிறார். ஆக லொறி பார்ட்ஸ் வரியைக் கட்டுவது வெல்லாவெளி விவசாயி. அவருக்கு 65 ரூபாயால் கொடுத்த பாதுகாப்பில் கொஞ்சத்தை இந்தப் பக்கத்தால் திரும்ப எடுக்கிறார்கள். இதைத்தான் சம்பந்தம் இல்லை என்கிறீர்கள்.

அமெரிக்காவில்கூட இதே கதைதான். மெக்சிகோப் பொருளுக்கு 25% வரி வந்தால் ஒரு புது லொறியின் விலை 35,000 டொலர் வரை கூடலாம் என்று அவர்களின் லொறிச் சங்கமே 2025 தொடக்கத்தில் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் இறக்குமதி லொறிகளுக்கே 25% வரி வந்துவிட்டது. சீனப் பொருளுக்கு 145% போட்ட பிறகு மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தில் சரக்குக் குறைந்தது. துறைமுகத்தில் பெட்டி குறைந்தால் முதலில் சும்மா நிற்பது லொறிதான்.

நம் இலங்கைப் பொருளுக்கும் அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் 44% வரி என்றார்கள், ஜூலையில் 30, ஆகஸ்ட்டில் 20. நம் ஆடை ஏற்றுமதியில் ஏறக்குறைய 40% அங்கேதான் போகிறது. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் எழுதினீர்கள், நானும் பகிர்ந்தேன். அந்தத் துணிப் பெட்டியைத் துறைமுகத்துக்கு இழுக்கிற பிரைம் மூவர் லொறியை யாரும் நினைக்கவில்லை. அதை ஓட்டுகிற என் மச்சான் ஒருவர் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை வாரம் மூன்று ட்ரிப்பிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, லீசிங் கட்ட மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார்.

"எல்லா லொறிக்காரரும் நல்லவர்களா?" இல்லை. அவசரம் பார்த்து இரட்டை விலை கேட்கிறவனை நானும் கண்டிருக்கிறேன். அவனைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். மொத்தமாகக் கள்ளன் என்று எழுதாதீர்கள். 2022 ஜூனில் டீசல் 460 ரூபாய் ஆனது. அந்த நாட்களில் அறுபது வயசில் அப்பா வரிசையில் மூன்று இரவு ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கி, கிடைத்த டீசலில் தம்புள்ளை போய் மரக்கறி கொண்டுவந்தார். அதை வாங்கிச் சமைத்த வீடுகளிலிருந்துதான் இன்றைக்கு இந்த லைக் வருகிறது.

நேற்று இரவு அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டியது என் பிழை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கொமெண்டாக வாசித்தார். கோபப்படவில்லை. "ஆர் மனே இவங்க, நம்மட ஊராக்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. போனைத் தந்துவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு டயர் பார்க்க வெளியே போனார்.

இன்று காலை அந்தப் பதிவின் கீழேயே எங்கள் டயர் பில்லையும் பெயரிங் பில்லையும் டீசல் ரசீதையும் படம் எடுத்துப் போட்டேன். இதை எழுதும்வரை ஒருவரும் பதில் எழுதவில்லை.