கதவைப் பார்த்துப் பிடி வாங்குங்கள்

எத்தனை பேர்தான் அனுப்புவீர்கள், பார்த்துவிட்டேன். பழைய வீட்டைப் புதுப்பிக்கிற அந்தக் காணொளியையும் பார்த்தேன், அதன் கீழே நான் எழுதியதற்கு காணொளிக்காரர் போட்ட பதிலையும் பார்த்தேன், அதற்கு விழுந்த சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்தேன். அவர் பெயரை இங்கே இழுக்கப் போவதில்லை. நீங்களும் கருத்துப் பெட்டியில் எழுத வேண்டாம்.

நான் கேட்டது ஒன்றுதான். நூறு வருடம் நின்ற தேக்கு இரட்டைக் கதவு, கீலே இல்லாமல், மேலும் கீழும் நீட்டிய முளையான குடுமியில் சுழல்கிற கதவு. அதிலிருந்த நாதாங்கியையும் சங்கிலியையும் பிடுங்கிவிட்டு, வளையம் கவ்விய சிங்க முகத்தையும் மஞ்சளாக மினுங்குகிற நெளிநெளியான கைப்பிடியையும் மாட்டி, 'பழமை மாறாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தப் பழமை? எந்த ஊர்ப் பழமை? மரியாதையாகத்தான் கேட்டேன். "யாரோ ஒரு பட்டிக்காட்டுக் கொல்லன் அடிச்ச துருப்பிடிச்ச இரும்புக்கு இவ்வளவு அழுகையா" என்று பதில் வந்தது.

சரி, அழுகைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கதவு.

சிங்க முகம் அசிங்கம் என்று நான் சொல்லவே இல்லை. லண்டனில் டவுனிங் தெரு 10-ஆம் எண் கதவில் கறுப்பு இரும்பில் சிங்க முகம்தான் இருக்கிறது, அங்கே அது கச்சிதம். குளிர் நாட்டில் கதவு சாத்தியே இருக்கும், வந்தவர் தட்டியாக வேண்டும். நம் பக்கம் பகலெல்லாம் வாசல் கதவு திறந்தே கிடந்தது, வந்தவர் திண்ணையோரம் நின்று "வீட்ல யாரு" என்று குரல் கொடுத்தார். அந்தக் கதவுக்குத் தேவைப்பட்டது ராத்திரி உள்ளே போட ஒரு தாழ்ப்பாள், வெளியூர் போனால் பூட்டுத் தொங்கவிட ஒரு நாதாங்கி, இழுத்துச் சாத்த ஒரு வளையம். கதவு எப்படிப் புழங்கியதோ அப்படித்தான் அதன் இரும்பும் இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடு என்றால் மேலிருந்து கீழ்வரை ஓடுகிற நீளக் கம்பித் தாழ்ப்பாளைத் தேடிப் போடுங்கள், நானே கூட வந்து தேடித் தருகிறேன். கதவைப் பார்த்துப் பிடி வாங்குங்கள் என்கிறேன், அவ்வளவுதான். பிடியைக் கடையில் பார்த்து மயங்கிவிட்டு அப்புறம் கதவைத் தோண்டாதீர்கள்.

தோண்டத்தான் செய்திருக்கிறார்கள். அந்தக் காணொளியை நிறுத்திப் பாருங்கள், மரத்துக்குள் புதைகிற மார்டிஸ் பூட்டுக்காகக் கதவுச் சட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டியிருக்கிறார்கள், அதுவும் குறுக்குச் சட்டம் வந்து செருகுகிற இடத்திலேயே. கதவின் பலமே அந்தப் பொருத்துதான். குழிக்குள் இறங்காமல் மேலேயே உட்காருகிற பெட்டிப் பூட்டு இன்றும் கிடைக்கிறது, அதைப் போட்டிருந்தால் மரம் பிழைத்திருக்கும். மாட்டியிருக்கிற ஸ்குரூ எல்லாம் கூட்டல் குறி போட்ட ஸ்டார் தலை. அந்தத் தலைக்கு அமெரிக்காவில் பிலிப்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கியதே 1936-ல். பழைய கதவுக்கு ஒற்றைக் கோடு போட்ட பித்தளை ஸ்குரூதான் சரி. தேக்கில் பித்தளை ஸ்குரூவை நேராக முறுக்கினால் தலை உடைந்துவிடும், முதலில் அதே அளவு இரும்பு ஸ்குரூவை ஏற்றி வழி பண்ணிவிட்டு, கழற்றி, பித்தளையை ஏற்ற வேண்டும். இது எந்தத் தச்சாசாரிக்கும் தெரியும். கேட்டால்தானே சொல்வார்.

"செட்டிநாட்டு வீடுகளிலேயே பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் வெளியூர்ச் சரக்குதானே, சிங்கம் மட்டும் கசக்குதா" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் கொண்டுவந்தது அசல் தேக்கு, அசல் கல். நீங்கள் மாட்டியது துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து மேலே பித்தளை நிறம் ஏற்றிய சாமான். கை வியர்வையில் அந்த நிறம் போகும், போனால் திரும்ப வராது. கெட்டிப் பித்தளை கறுத்தாலும் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டலை பாருங்க, பித்தளை" என்பார்கள், நம்பாதீர்கள். துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. பின்பக்கம் தெரியாத இடத்தில் ஆணியால் கீறிப் பாருங்கள், உள்ளே சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இனி அழுகை. என் தாத்தா கொல்லர். தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பட்டறை வைத்திருந்தார். நாதாங்கி கேட்டு வந்தவரிடம் அவர் இரும்பைக் காட்டமாட்டார், "கதவு எங்க" என்பார். வீட்டுக்கே போய்க் கதவின் கனத்தை நூல் பிடித்து அளந்து, ஆணி மறுபக்கம் எவ்வளவு நீட்ட வேண்டும், எங்கே மடக்கி அடிக்க வேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் உலையில் துருத்தி ஊதுவார். வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் கையை வைத்துப் பார்க்கச் சொல்வார், வளையம் அவர்கள் கைக்கு அடங்க வேண்டும். அடித்து முடித்ததைச் சூட்டோடு எண்ணெயில் முக்குவார், அந்தக் கறுப்பு வருடக்கணக்கில் துருவை அண்டவிடாது. துருப்பிடித்தது என்றால் அப்புறம் யாரும் எண்ணெய் தடவவில்லை என்று அர்த்தம், அடித்தவன் மேல் என்ன குற்றம்? பாரம்பரிய வீடு பாரம்பரிய வீடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், கட்டியவரின் வம்சம் வரை வருகிறது. கதவில் இரும்பு அடித்தவர் 'யாரோ ஒரு பட்டிக்காட்டுக் கொல்லன்'. எனக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த 'யாரோ' எங்கள் வீட்டு ஆள்.

பழைய நாதாங்கியில் பாதுகாப்பு இல்லை என்பவர்களுக்கு: உள்ளே எத்தனை நவீனப் பூட்டு வேண்டுமானாலும் போடுங்கள், யார் தடுத்தார்கள்? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, மாங்காய்ப் பூட்டு ஒன்று வாங்கி நாதாங்கியில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு: இருப்பதைக் கழற்றாமல் விடுவதற்குக் காசே வேண்டாம்.

"காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் வாங்கச் சொல்கிறீர்கள், அதனால்தானே இன்னும் நாலு வீட்டை இடிக்கிறார்கள்" என்று, நான் முன்பு சொன்னதை வைத்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அது தைத்தது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டில் இருப்பதை முதலில் காப்பாற்றுங்கள். இல்லாத இடத்துக்குப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள், பட்டறைகள் இன்னும் இருக்கின்றன, வேலை வருவதில்லை என்பதுதான் அவர்கள் குறை.

எந்தப் பிடி போடலாம் என்று இன்பாக்ஸில் கேட்டிருந்த தங்கைக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பத்தாவுக்கு விரல் மடங்காது என்று எழுதியிருந்தீர்கள், அப்படியென்றால் உருண்டைக் குமிழ் வேண்டாம்மா, ஈரக்கையோடு அதைத் திருக அவர்களால் முடியாது. பெரிய வளையமாகப் போடுங்கள், நாலு விரலும் உள்ளே போகிற அளவு. அளவெடுக்க அப்பத்தாவையே கூட்டிக்கொண்டு போங்கள். பழைய நாதாங்கியைக் கழற்றாதீர்கள். துருவை உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும்.