சதுப்பை மூடினால் டெங்கு ஒழியுமா?

“கொலன்னாவை, கோட்டேப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள்தான் டெங்குக்குக் காரணம். மண் போட்டு மூடினால் நுளம்பும் போகும், வெள்ளமும் நிற்கும்” என்று ஒரு செய்தி வட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பெரும்பாலும் வீட்டைச் சுற்றியுள்ள தெளிந்த நீரில்தான் முட்டையிடும். பழைய டயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி, மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகியவையே அதன் இருப்பிடங்கள். மீனும் தும்பியும் வாழும் சதுப்பில் நுளம்புக் குடம்பிகள் அவற்றுக்கு இரையாகின்றன. தேசிய டெங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவின் அறிவுறுத்தல்களும் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் துப்புரவாக்கத்தான் சொல்கின்றன.

வெள்ள விஷயம் இன்னும் பாரதூரமானது. பெருமழையில் வழிந்து வரும் நீரைத் தாங்கிப் பிடித்து, கால்வாய்கள் வழியே மெல்ல வெளியேற்றுவது இந்தத் தாழ்நிலங்கள்தான். அவற்றை மூடினால் அந்த நீர் எங்கே போகும்? நம் வீடுகளுக்குள்தான். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நகரைக் குளிர்விப்பதும் இதே ஈரநிலங்கள்தான். இவற்றுக்காகவே 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது.

ஒரு காணியை நிரப்பலாமா என்பதை இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும் நகர அபிவிருத்தி அதிகாரசபையிடமும் கேட்டு அறியலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.