பிரேக் பிடித்தால் மட்டும் ஆடும் காரும், டயரை மாற்றிப் பார்க்கச் சொல்லும் மேதைகளும்

சனிக்கிழமை, நான்காவது முறையாகப் பணிமனையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். ‘குறை சரிசெய்யப்பட்டது’ என்று அச்சிட்டுக் கொடுத்த தாளின் மடிப்புகூடக் கலைந்திருக்காது. முதல் நீண்ட சாலையில் வேகமெடுத்து பிரேக்கில் கால் வைத்ததுமே, ஸ்டியரிங் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி நலம் விசாரித்தது. அப்படியே திருப்பிக்கொண்டு போய் நின்றால், மேற்பார்வையாளர் கண்ணிமைக்காமல் சொல்கிறார்: “சார், நாலு டயரையும் மாத்திப் பாருங்களேன்.”

பாருங்களேன்! புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்வதுபோல் அத்தனை இதமாகச் சொன்னார். இவர்களின் யோசனைப்படி முதல்முறை சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் வீல் பேலன்சிங் செய்து பார்த்தாயிற்று, இரண்டாம் முறை சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் பிரேக் பேடும், மூன்றாம் முறை அந்தப் பேடுகள் கவ்வி நிறுத்தும் வட்டத் தட்டான முன்பக்க டிஸ்க் இரண்டுமே புதிது. இனி மிச்சமிருப்பது டயரும் நானும்தான்.

பேலன்சிங் குறை என்றால், 80, 100 என்று வேகம் ஏறும்போது, நாம் பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் வண்டி ஆடும். அது நம் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு காத்திருக்காது. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் கோணலாகத் தேயும். என் வண்டியோ 100-ல் அலுங்காமல் போகிறது. பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டியரிங் ஆடுகிறது. ஆட்டம் இருக்கையில் தெரியாமல் ஸ்டியரிங்கில் தெரிவதால், முன்சக்கரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதையெல்லாம் நான்கு முறை, நான்கு பேரிடம், ஒரு சொல்கூட மாறாமல் விளக்கினேன். நான்கு முறையும் படிவத்தில் அவர்கள் எழுதிக்கொண்ட ஒரே சொல்: ‘வைப்ரேஷன்’.

அந்தப் பரிசோதனை ஓட்டத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது. மேற்பார்வையாளர் ஏறி அமர்ந்ததும் என் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு சிறிது முன்னுக்கு இழுத்தார். சாய்மானத்தைப் படுக்க வைத்தார், எழுப்பினார், மறுபடி படுக்க வைத்தார். மூன்று கண்ணாடிகளையும் திருப்பினார், ஏசியைக் கூட்டினார், விண்வெளிக்குப் புறப்படுகிறவரைப்போல் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார். அப்புறம் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் பிரேக்கைத் தொட்டுவிட்டு, “ஒண்ணுமில்லையே சார்” என்றார். 30-ல் ஒன்றும் இருக்காது, 80-க்குப் போங்கள் என்றேன். 40-க்குப் போனார், ஒன்றுமில்லை என்றார். 50-க்குப் போனார், இன்ஜின் அருமையாக இருப்பதாகப் பாராட்டினார். ஒருவழியாக 80-ஐத் தொட்டு பிரேக்கை மிதித்தபோது ஸ்டியரிங் துடித்த துடிப்பில் அவருடைய கைக்கடிகாரமே கலகலத்தது, டாஷ்போர்டில் வைத்திருந்த என் மூக்குக்கண்ணாடிக் கூடு நகர்ந்து நகர்ந்து அவர் மடியில் விழுந்தது. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ரோடு சரியில்ல சார்” என்றார். சரி, திரும்பும்போது இதே சாலையில் பிரேக்கைத் தொடாமல் 80-ல் வாருங்கள் என்றேன். வண்டி குளத்தில் மிதக்கும் இலைபோல் வந்தது. பணிமனை வாசலில் இறங்கியவர் மலர்ந்த முகத்துடன், “பாத்தீங்களா, இப்ப சரியாயிடுச்சு” என்றார்.

மூன்றாம் முறை டிஸ்க் மாற்றியதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நானே பார்த்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் தெரிந்த ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் வந்து பொருந்தும் நடுப்பகுதி) முகத்தில் துரு செதில் செதிலாக அப்பிக்கொண்டிருந்தது. பையன் அதை ஒருமுறை பார்த்தான், பெட்டியைப் பிரித்துப் பளபளக்கும் புது டிஸ்க்கை எடுத்து அந்தத் துருவின் மேலேயே மாட்டினான். பிறகு ஏர் கன்னை எடுத்து நட்டுகளை வரிசையாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, அது அலறும்வரை இறுக்கினான். எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டிய நட்டுகள் அவை. ஹப்பை வயர் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாதா என்று கேட்டதற்கு, “புது டிஸ்க் சார், அதுல என்ன வரப்போகுது?” என்று பதில் வந்தது.

என்ன வரப்போகிறது என்பது 6,000 கிலோமீட்டர் கழித்துத் தெரிந்தது. நடுவில் ஒட்டியிருக்கும் துணுக்குத் துரு டிஸ்க்கைச் சற்றே சாய்த்துவிடுகிறது. விளிம்புக்குப் போகப்போக அந்தச் சாய்வு பெரிதாகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 11, 12 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும், நாம் பிரேக்கே பிடிக்காதபோதும், டிஸ்க்கின் அதே இடம் பேடில் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. கடைசியில் டிஸ்க் ஓரிடத்தில் மெலிந்தும் இன்னோரிடத்தில் தடித்தும் போய், பிரேக் பிடிக்கும்போதெல்லாம், பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளும் வெளியுமாகத் தள்ளுகிறது. அந்த உதறல்தான் நம் கைக்கு வந்து சேர்கிறது. மயிரிழையில் தப்பித்தான் என்கிறோமே, அந்த மயிரிழையைவிட மெல்லிய வித்தியாசமே இதற்குப் போதும். ‘டிஸ்க் பெண்டு’, அதாவது வளைந்துவிட்டது, என்று ஒரே போடாகப் போடுகிறவர்கள் அந்தப் பெண்டை ஒருமுறையாவது அளந்திருக்கிறார்களா?

ஞாயிற்றுக்கிழமை நானே அளந்தேன். எந்திரப் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர், ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜும் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரும் கொண்டு வந்தார். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கிச் சுற்றிப் பார்த்தால் முள் 0.13 மில்லிமீட்டர் ஆடியது. பல வண்டிகளுக்கு 0.05-ஐ ஒட்டித்தான் வரம்பு. எட்டு இடங்களில் தடிமனை அளந்தால் 0.02 வித்தியாசம். ஹப்பை வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்தேன். டிஸ்க்கை லேத்தில் மெல்லிதாகக் கடைந்து வாங்கி, விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலேயே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு மாட்டினோம். முள் 0.03-க்கு மேல் அசையவில்லை. மாலையில் 80-லிருந்து பிரேக் பிடித்தேன். ஸ்டியரிங் சிவனே என்று இருந்தது. நான்கு வருகைகளிலும் ஒரே ஒருவர் 20 நிமிடம் இதற்காகக் குனிந்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

இன்று காலை பணிமனையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எங்கள் சேவைக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள், 10 கொடுத்தால் மகிழ்ச்சியடைவோம் என்றார் ஒரு பெண். துரு, ஹப், டயல் கேஜ், ஏர் கன் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த உரை முழுவதும் தொண்டைவரை வந்தது. ஆனால் என் வாயிலிருந்து வெளிவந்தது, “என் சீட்டை ஏம்மா நகர்த்துறீங்க?” என்பதுதான். நான்கு முறை நகர்த்தியிருக்கிறார்கள். எத்தனை திருகினாலும் அந்தச் சாய்மானம் என் முதுகுக்கு இருந்த பழைய இடத்துக்கு இன்னும் வரவில்லை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மிகப் பணிவாகக் கேட்டார்: “வைப்ரேஷன்னு போட்டுக்கவா சார்?”