"நண்பர்" என்று எழுதினேன்

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் வந்தார். வீட்டில் நடந்த இறப்பு, இறந்தவரும் ஆண். படிவத்தை அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடம் மட்டும் காலி. கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருபத்திரண்டு வருஷமா ஒரே வீடு சார்" என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "நண்பர்" என்று நானே எழுதி முத்திரை குத்தினேன். அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் போய்விட்டார்.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் பொய். புரிந்தும் புரியாத மாதிரி எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து இறந்தவரின் அண்ணன் ஊரிலிருந்து வந்து சான்றிதழ் நகல் பத்து கேட்டார். வீடு இறந்தவர் பேரில் இருந்ததாம். வாரிசுச் சான்றுக்கு மனுப் போட்டாயிற்றாம். "கூட இருந்தவரு காலி பண்ணிட்டாரு" என்றார், வாடகைக்காரரைச் சொல்வதுபோல.

ஒருபால் திருமணம் என்றாலே நம் ஆட்கள் உடனே பண்பாடு, தாலி, மண்டபம் என்று கிளம்பிவிடுகிறார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன்: மண்டபத்தில் நடப்பது அரைநாள் சமாச்சாரம். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிக் கையெழுத்து, வாரிசுச் சான்று, கடைசியில் சுடுகாட்டுச் சீட்டு என்று கல்யாணத்தின் மீதிக் காலம் முழுக்க அரசாங்கக் காகிதத்தில்தான் ஓடுகிறது.

ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்கக் கேட்ட வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐவரும் ஒன்று. திருமணம் இல்லாவிட்டாலும் வேறொரு சட்டபூர்வ இணைவாக அங்கீகரிக்கலாமா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று அதுவும் போயிற்று. மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி. மிஞ்சியது, அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு போட்டு இந்த ஜோடிகளின் அன்றாடச் சிக்கல்களைப் பார்க்கிறோம் என்று மத்திய அரசு கொடுத்த உறுதி. அந்தக் குழு 2024 ஏப்ரலில் அமைந்தது. ஆகஸ்டில் சில கடிதங்கள் வந்தன. ரேஷன் விஷயத்தில் இவர்களை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று உணவுத்துறை மாநிலங்களுக்கு எழுதியது. கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினி போடுவதற்கும் தடையில்லை என்று நிதித்துறை சொன்னது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்றது சுகாதாரத்துறை. "இல்லாதபோது" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அந்த அண்ணன் ஒரு பஸ் பிடித்து வந்துவிட்டால் போதும், கடிதம் செல்லாது.

சரி, இதெல்லாம் வந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்கலாம்.

எங்கள் மாடியில் இரண்டு பெண்கள் குடியிருக்கிறார்கள். ஒருத்தி ஸ்கேன் சென்டரில் வேலை, மற்றவள் தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். ஆறு வருஷமாக ஒரே அடுப்பு. இரண்டு பேர் பெயரும் இன்னும் அவரவர் அம்மா வீட்டுக் கார்டில்தான். அங்கே நீக்கினால்தான் இங்கே புதுக் கார்டு. அந்த உணவுத்துறைக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "இது டெல்லி லெட்டர்மா. எங்களுக்கு மேலிருந்து ஆர்டர் எதுவும் வரலையே." அப்புறம் குரலைத் தாழ்த்தி ஓர் உதவியும் செய்தார். "தங்கச்சின்னு போட்டுடுங்களேன், யாரு பாக்கப் போறா?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். சுற்றறிக்கை கைக்கு வராமல் ஒரு கிளார்க் பெயர் சேர்த்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், டெல்லியில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. ஆனால் ஒன்று பாருங்கள். ஒரு அரசு ஊழியரின் கருணை, பொய்யை எழுதச் சொல்லும் வடிவத்தில்தான் வர முடிகிறது. இவர்களைப் போன்றவர்களைக் குறிக்கும் பால்புதுமையர் என்ற சொல்லை 2022-லேயே அரசிதழில் ஏற்றியது நம் மாநிலம். உயர் நீதிமன்றம் சொல்லித்தான் என்றாலும், ஏற்றியது. அரசிதழில் ஏறிய சொல் தாலுகா ஆபீஸ் படிவம் வரைக்கும் இறங்கி வரவில்லை.

என் தாத்தா பாட்டிக்குச் சுயமரியாதைத் திருமணம். மாலை மாற்றினார்கள், ஐயர் கிடையாது. அப்படி நடந்த திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பத்து வருஷத்துக்கு மேல் பாட்டி சட்டத்தின் கண்ணில் யாரோ. "நாலு புள்ள பெத்தப்புறமும் நான் மிஸ்ஸுதான்டா" என்று சிரிப்பார். அண்ணா ஆட்சியில் 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த திருமணங்களும் செல்லும் என்று அதிலேயே எழுதினார்கள். அந்த வரியில்தான் பாட்டி மனைவியானார். இதே தமிழ்நாட்டில் பிறந்துவிட்டு "நம்ம மரபுல இல்லையே" என்று யாராவது என்னிடம் சொன்னால், எந்த மரபு என்று கேட்கத் தோன்றுகிறது.

நேபாளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டம் வரும்வரை இப்படிப்பட்ட திருமணங்களைத் தற்காலிகமாகப் பதிவு செய்யுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டது. மாயா குருங், சுரேந்திர பாண்டே ஜோடி காத்மாண்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள். மறுத்துவிட்டது. மாயா திருநங்கை, காகிதத்தில் ஆண். கடைசியில் நவம்பர் 29-ஆம் தேதி பதிந்து கொடுத்தது லம்ஜுங் மாவட்டத்தில் தோர்தி என்ற கிராமிய நகராட்சி. நம்மூர்க் கணக்கில் சொன்னால் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி. மேலே நகராத ஃபைல் கீழே நகர்ந்தது.

இங்கே அப்படி ஓர் ஆபீஸ் தானாக முன்வரும் என்று நான் நம்பவில்லை. திருமணச் சட்டத்தில் மாநிலம் கைவைக்க டெல்லி ஒப்புதல் வேண்டும். ஆனால் ரேஷன் படிவத்தில் ஒரு வரி சேர்க்க மாநில அரசாணை ஒன்று போதும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் தங்களுக்குள் குடும்ப இணைவு ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாமே, பரிசீலியுங்கள் என்று மாநில அரசிடம் சொன்னார். அதை முதலில் செய்திருக்கலாம்.

போன மாதம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்க, மாடிப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். மனுக்களை வாங்கியே பழகிய கை, எழுதும்போது தடுமாறியது. முதல் வரியில் "நானும் என் தோழியும்" என்று போட்டிருந்தேன். தையல் யூனிட்டுக்காரி படித்துப் பார்த்தாள். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து "தோழியும்" என்பதை அடித்தாள். மேலே "வாழ்க்கைத்துணையும்" என்று எழுதிவிட்டு, "சார், வேற பேப்பர்ல நல்லா எழுதிக் குடுங்க, அடிச்சுத் திருத்தினா வாங்க மாட்டாங்க" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன்.