1997 முதலாவது அல்ல

தம்பி, "டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல் தொடங்கும்வரை அமெரிக்கப் பெண்களுக்குத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கே இருந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. 1978 டிசெம்பர் 9ஆம் திகதி மில்வாக்கியில் சிக்காகோ ஹசில், மில்வாக்கி டோஸ் அணிகள் மோதிய ஆட்டத்தோடு டபிள்யூ.பி.எல். என்ற பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் தொடங்கிவிட்டது. முதல் பருவத்தில் எட்டு அணிகள், கிண்ணம் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸுக்கு. மூன்றே பருவங்களில் படுத்துவிட்டது என்பது வேறு கதை. 1996இல் ஏ.பி.எல். என்ற இன்னொரு பெண்கள் லீக்கும் வந்தது. டபிள்யூ.என்.பி.ஏ.யை, ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.யின் பணபலத்தோடு வந்த முதல் பெண்கள் லீக் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், 1997இல் டபிள்யூ.என்.பி.ஏ.யிலும் எட்டு அணிகள்தான், வென்றதும் ஹூஸ்டன்தான்: கொமெட்ஸ். வலைப்பந்துப் பயிற்சி முடிந்து வெள்ளவத்தை பஸ்ஸில் வரும்போது இதைச் சொன்னேன். என் மகள் ஏஞ்சல்ஸ், கொமெட்ஸ் இரண்டையும் ஒரே அணி என்றே நினைத்துவிட்டாள். டபிள்யூ.என்.பி.ஏ.யின் முதல் ஆட்டத்தில் நியூயோர்க் 67, லொஸ் ஏஞ்சலிஸ் 57 என்று நீங்கள் போட்டிருப்பது சரி.